ரத்த ஆறும் ஒடிந்த கிளையும்

தாந்தேயின் ‘நரகம்’ பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பொருத்தத்தைச் சிலாகிக்கிறார்கள்: குற்றம் எவ்விதமோ அவ்விதமே தண்டனை. இதற்குக் ‘கொன்த்ரபாஸோ’ என்று பெயர். காவியத்தில் இந்தச் சொல் ஒரே ஒரு தடவைதான் வருகிறது. 28-ம் பாடலின் கடைசி வரியில், தந்தையையும் மகனையும் பிரித்த பெர்த்ரான் த போர்ன், உடலிலிருந்து பிரிந்த தன் தலையை விளக்கைப்போலக் கையில் தூக்கிக்கொண்டு அதைச் சொல்கிறான். தண்டனையின் நியாயத்துக்குத் தண்டிக்கப்பட்டவனே சாட்சி. இந்த ஏற்பாடு எனக்குக் கலக்கம் தருகிறது. பொருத்தம் என்பது படிமத்துக்குரிய குணம். படிமம் கச்சிதமாக விழும்போது கிடைக்கிற திருப்தியையும், ஒருவன் தக்கபடி வதைபடுவதைப் பார்த்துக் கிடைக்கிற திருப்தியையும் நாம் பிரித்துப் பார்க்கிறோமா?

வன்முறையாளருக்கான ஏழாம் வட்டத்தில் இந்தக் கேள்வி கூர்மையாகிறது. முதலில் வருவது கொதிக்கும் ரத்த ஆறு. கொடுங்கோலர்கள் புருவம்வரை முழுகியிருக்கிறார்கள்; கொலைகாரர்கள் கழுத்துவரை; வேறு சிலர் மார்புவரை. போகப்போக ரத்தம் பாதத்தை மட்டும் சுடும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 1271-ல் விதெர்போ நகரத் தேவாலயத்துக்குள்ளேயே இங்கிலாந்து அரச குடும்பத்து ஹென்றியைக் கொன்ற கீ த மோன்ஃபோர் ஓரமாகத் தனியே நிற்கிறான். தனக்கு விதித்த அளவுக்கு மேல் எழுகிறவன்மீது அம்பு பாயும். எய்பவர்கள் பாதி மனிதரும் பாதிக் குதிரையுமான சென்டார்கள். தாமே மூர்க்கத்துக்குப் பேர்போனவர்கள். வன்முறைக்குக் காவலும் வன்முறைதான். ஆற்றில் இருக்கிற எவரும் பேசுவதில்லை. நெஸ்ஸஸ் என்ற சென்டார் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வருகிறான். தாந்தே அக்கரை சேர்ந்துவிடுகிறான். அளவுகோல் பிசகவில்லை. பார்ப்பவனுக்கும் ஒரு சேதமும் இல்லை.

அடுத்த பாடலில் காடு. தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்கள் அங்கே முள்மரங்களாக நிற்கிறார்கள். ஹார்ப்பிப் பறவைகள் அவர்களுடைய இலைகளைத் தின்கின்றன; அதுவே வலி, அதுவே வலி வெளியேறும் வாசல். வெர்ஜில் சொல்ல, தாந்தே ஒரு சுள்ளியை ஒடிக்கிறான். ஒடிந்த இடத்திலிருந்து ரத்தமும் சொல்லும் சேர்ந்தே வருகின்றன. பேசுவது பியர் தெல்லா வீன்யா. சக்கரவர்த்தி இரண்டாம் ஃபிரெடெரிக்கின் அந்தரங்க ஆலோசகனாயிருந்து, துரோகி என்று குற்றம் சாட்டப்பட்டு, 1249-ல் மாண்டவன். தான் துரோகம் செய்யவில்லை என்கிறான். இரக்கம் தொண்டையை அடைக்க, தாந்தேயால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. வெர்ஜிலையே கேட்கச் சொல்கிறான்.

இந்த இடத்தில் வெர்ஜில் மரத்திடம் சொல்லும் சமாதானம்தான் எனக்கு முக்கியம். என் கவிதையில் படித்ததை இவன் நம்பியிருந்தால் உன்மேல் கை வைத்திருக்க மாட்டான் என்கிற பொருளில் பேசுகிறான். வெர்ஜிலின் ‘ஈனீட்’ மூன்றாம் பகுதியில், கொலையுண்ட பொலிடோரஸின் புதைமேட்டில் முளைத்த செடியை ஈனியாஸ் பிடுங்கும்போது இதேபோல ரத்தம் வடிகிறது, குரல் எழுகிறது. தாந்தே அதைப் படித்தவன். அந்தக் கவியையே குருவாகக் கொண்டவன். அப்படியும் படித்தது போதவில்லை. ஒடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. இலக்கியம் மனிதனைப் பண்படுத்தும் என்று சுலபமாகச் சொல்லிக்கொள்ளும் நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. வன்முறையின் குறியீடு எவ்வளவு பொருத்தமானதாக இருந்தாலும் அது படிப்பவனின் கையைத் தடுத்துவிடாது. அதைத் தன் காவியத்துக்குள்ளேயே, தன் கையாலேயே தாந்தே காட்டிவிடுகிறான். ஆற்றங்கரையில் வெறும் பார்வையாளனாக நின்றவன் காட்டில் குற்றத்தில் பங்காளியாகிறான். ஊமையாக இருந்த வேதனைக்குக் குரல் கிடைப்பதும் அப்போதுதான்.

13-ம் பாடல் இன்னொருவனோடு முடிகிறது. தன் வீட்டிலேயே தூக்குப்போட்டுக்கொண்ட, பெயர் சொல்லப்படாத ஒரு ஃபிளாரன்ஸ்காரன். வேட்டைநாய்கள் பிய்த்தெறிந்த தன் இலைகளை அடிமரத்தருகே சேர்த்துவைக்கும்படி கேட்கிறான். 1302-ல் தாந்தேயை நாடுகடத்தி, அகப்பட்டால் உயிரோடு எரிக்கும்படி தீர்ப்பிட்டதும் அதே ஃபிளாரன்ஸ்தான். அடுத்த பாடலின் தொடக்கத்தில், சொந்த ஊர்ப் பாசம் உந்த, தாந்தே குனிந்து அந்த இலைகளைப் பொறுக்கிக் கொடுக்கிறான். எந்தத் தண்டனைக் கணக்கிலும் சேராத காரியம். பொறுக்கிய இலை மறுபடி கிளையில் ஒட்டப்போவதில்லை, தீர்ப்பும் மாறப்போவதில்லை. நரகத்தின் பொருத்தங்கள் அத்தனையையும்விட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.