இடுக்கணும் நகையும்

நோயுற்றோர் இல்லத்திற்குச் செல்லும்போது முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்வது, எவரும் கற்பிக்காமலே நாம் கற்றுக்கொண்ட வழக்கம். அவ்வழக்கத்தின் தகுதியை எண்ணிப் பார்க்கச் செய்த ஒரு நிகழ்ச்சியை முதற்கண் கூறி, அதனின்று எழுந்த வினாவை வாசக அன்பர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரைத் தரிசித்துத் திரும்புகையில் நாம் ஐவர் நெய்வேலி நகரியத்திற்குச் சென்றோம். அங்கே பணியாளர் குடியிருப்பு ஒன்றில் நம் இனத்துச் சகோதரி ஒருவர் மார்பகப் புற்றுநோயோடு வாழ்ந்து வருகிறார். கணவர் சுரங்கத்தில் பணிபுரிபவர். நோய் மார்பகத்தளவில் நில்லாது எலும்பிற்கும் பரவிவிட்ட நிலை. மூன்றாண்டுகளாக மருத்துவம் நடைபெறுகிறது.

என்ன பேசுவது என்று அறியாது நாம் அமர்ந்திருக்க, அவரே பேச்சைத் தொடங்கினார். மருந்தேற்றியதால் அவர் தலைமயிர் முழுதும் உதிர்ந்திருந்தது. "முனிவர் பெருமக்கள் தம் கையாலேயே பறித்துக்கொள்கிறார்கள். எனக்கு அந்தச் சிரமமும் இல்லாமல் மருந்தே கேசலோச்சனம் செய்துவிட்டது. துறவுக்குப் பாதித் தகுதி வந்துவிட்டது. மீதிப் பாதியைத்தான் தொலைக்காட்சித் தொடர் வரவிடமாட்டேன் என்கிறது" என்றார். பின்னர் எலும்பு ஸ்கேன் படத்தைக் காட்டி, "அங்கங்கே கறுப்பாகத் தெரிகிறது பாருங்கள். இவர் இத்தனை வருடமாகத் தோண்டுகிற சரக்கு வீட்டிலேயே இருந்திருக்கிறது. சுரங்கத்தாரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், என்னையும் கையகப்படுத்திவிடுவார்கள்" என்றார்.

நம்முடன் வந்த பெரியவர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. "எல்லாம் முற்பிறவி வினை, அம்மா" என்றார். சகோதரி சிறிதும் தயங்கவில்லை. "உண்மைதான் ஐயா. வினைக்கு என் முகவரி சரியாகத் தெரிந்திருக்கிறது. உங்களுக்குத்தான் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆகிவிட்டது" என்றார். பெரியவரும் சிரித்துவிட்டார், நாம் அனைவரும் நாணினோம்.

விடைபெற்று வாயிலுக்கு வந்தபோது மகள் மெல்லிய குரலில் கூறினாள்: "நேற்று இரவு முழுவதும் அம்மா அழுதார்கள். பாஸிட்டிவாக இருக்க வேண்டும் என்று நாங்கள் எவ்வளவோ சொல்கிறோம், கேட்பதில்லை." வண்டியில் ஏறியபின் பெரியவர் வேறொன்று கேட்டார்: "உயிருக்கே கேடு வந்துள்ள நேரத்தில் இப்படி நகையாடுவது அறத்துக்கு அடுக்குமா? ஹாஸ்யம் என்பது நோகஷாயங்களுள் ஒன்றாயிற்றே!"

ஒருவர் அழுகை கூடாது என்கிறார். மற்றவர் நகை கூடாது என்கிறார். இவ்விருவர் கூற்றையும் சீர்தூக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் நோயின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். இந்தியப் பெண்களிடையே இன்று மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. அது எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை முதலிய பிற உறுப்புகளுக்குப் பரவிய நிலையை நான்காம் நிலை என்பர். அந்நிலையில் நோயை அறவே நீக்குதல் பெரும்பாலும் இயலாது. ஆயினும் அடக்கிவைத்தல் இயலும். இயக்குநீரைத் தடுக்கும் மாத்திரைகள், புற்றணுக்களைக் குறிவைத்துத் தாக்கும் மருந்துகள், கதிர்வீச்சு ஆகியவற்றின் துணையால் பலர் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றனர். முற்றிய நோய் என்றவுடன் வாழ்வு முடிந்தது என்று கொள்வது பிழை. அவர்முன் இருப்பது ஒருநாள் இருநாள் அன்று. சமைத்தலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதலும், மருந்து உண்ணுதலும், உறவினரோடு பிணங்குதலும் நிறைந்த நெடிய நாட்கள். அந்நாட்களை எந்த மனத்தோடு கழிப்பது என்பதே அவருடைய வினா.

இனிப் பெரியவரின் ஐயத்திற்கு வருவோம். அவர் கூறியதில் பிழையில்லை. சாரித்திர மோகனீயத்தின் வகையாகிய 9 நோகஷாயங்களுள் ஹாஸ்யம் முதலாவதாக எண்ணப்படுகிறது. அதுமட்டுமன்று, வாய்மை விரதத்தைக் காக்கும் 5 பாவனைகளைக் கூறுமிடத்து, சினம், பேராசை, அச்சம் ஆகியவற்றோடு நகையையும் விலக்குக என்கிறது தத்துவார்த்த சூத்திரம். இவ்வாறிருக்க நகையை எங்ஙனம் போற்றுவது?

நகை ஏன் விலக்கப்பட்டது என்பதை நோக்கினால் விடை புலப்படும். வாய்மைப் பாவனையில் அது வந்ததற்குக் காரணம், விளையாட்டாகப் பேசுவோர் எளிதில் பொய் சொல்லிவிடுவர் என்பதே. பிறரை எள்ளும் நகை, உண்மையை மூடும் நகை, மயக்கத்தால் விளையும் நகை ஆகியவை விலக்கத்தக்கன. அச்சகோதரியின் நகை யாரை ஏமாற்றியது? தம் நோயை அவர் மறைக்கவில்லை. படத்தையே எடுத்துக் காட்டினார். கண்டும் காணாதவர்போல் இருந்தவர்கள் நாமே. நம் வாட்டமுகத்தைக் காட்டிலும் அவருடைய வேடிக்கைப் பேச்சில் வாய்மை மிகுதியாக இருந்தது.

அதே தத்துவார்த்த சூத்திரம் ஆர்த்தத் தியானத்தை நால்வகையாகப் பகுத்து, நோயின் வேதனையையே ஓயாது எண்ணிக்கொண்டிருத்தலை அவற்றுள் ஒன்றாகக் கூறுகிறது. நோய் அசாதா வேதனீயத்தின் பயனாக வரலாம். வந்த நோயை ஓயாது எண்ணி உழல்வதோ புதுவினைக்கு ஊற்றாகும். 22 பரீஷஹங்களுள் நோயும் ஒன்று. அவை முனிவர்க்கு ஓதப்பட்டனவாயினும் இல்லறத்தார்க்கும் அவற்றில் பாடம் உண்டு. பரீஷஹத்தை வெல்லுதல் என்பது வலியே இல்லாததுபோல் நடித்தல் அன்று. வலி உண்டு என்று அறிந்தும் அதற்கு உள்ளத்தை முழுதும் ஒப்படையாமல் நிற்றலாகும். "உடல் வேறு, நான் வேறு" என்னும் அன்யத்துவச் சிந்தனையை நாம் நாள்தோறும் ஓதுகிறோம். தம் எலும்பின் படத்தைக் கையில் ஏந்தி, அயலார் நிலத்தைச் சுட்டுவதுபோல் சுட்டி ஒருவர் நகைக்க முடியுமானால், அச்சிந்தனையின் ஒரு துளி அவர் வாழ்வில் இறங்கியிருக்கிறது என்றே கொள்ளலாம். நகை சமநிலையே அன்று. ஆயினும் இல்லறத்தார் சிலர்க்கு அது சமநிலைக்கு ஏறும் படியாகலாம்.

நம் தமிழ்ச் சமணப் பெருமக்கள் ஏலாசாரியரின் அருள்நூலாகப் போற்றும் திருக்குறளில் இடுக்கண் அழியாமை என்பது 63ஆம் அதிகாரம். துன்பம் வருங்கால் நகுக என்பதே அதன் முதற்குறள் தரும் அறிவுரை. துன்பத்தை வெல்ல அதனையொப்பது வேறில்லை என்றும் அது கூறுகிறது. பரிமேலழகர் அந்நகையை உள்ளத்து மகிழ்ச்சியாகக் கொண்டு உரைகூறுவார். வாயளவில் நகைத்து உள்ளத்தே நடுங்குவதை அன்று, உள்ளம் அழியாமையையே அவ்வதிகாரம் வேண்டுகிறது என்பது இதனால் தெளிவாகும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் அறிவுரை அன்று என்பதற்கு அண்டை மாநிலமாகிய கேரளத்திலிருந்து ஒரு சான்று கூறுவோம். மலையாளத் திரையுலகின் நகைச்சுவை நடிகர் இன்னசென்ட் அவர்களுக்கு 2012ஆம் ஆண்டில் நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அடுத்து அவர் துணைவியார்க்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஒரே இல்லத்தில் இருவர்க்கும் மருத்துவம்! அந்நாட்களை அவர் "கான்சர் வார்டிலே சிரி" என்னும் நூலாக எழுதினார். "புற்றுநோய்ப் பிரிவில் சிரிப்பு" என்பது அதன் பொருள். பின்னர் 2014 முதல் 2019 வரை சாலக்குடித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் பணியாற்றினார். 2023 மார்ச் 26ஆம் நாள் மறைந்தார். பிறரைச் சிரிக்கவைத்துப் பொருளீட்டிய ஒருவர், தம் நோயைக் கண்டு தாமே சிரிக்க முடிந்தபோதுதான் அத்தொழில் முழுமையுற்றது எனலாம். நோயின் பெயரை உரக்கச் சொல்லவும் அஞ்சிய எத்தனையோ குடும்பங்களுக்கு அந்நூல் வாய் திறந்துவிட்டது.

இனி மகளின் கூற்றை நோக்குவோம். "பாஸிட்டிவாக இரு" என்னும் சொல் இன்று நம் இல்லங்களில் புதிய மந்திரமாகிவிட்டது. மகிழ்ச்சியாக இருந்தால் நோய் ஓடிவிடும் என்னும் நம்பிக்கையே அதன் அடிப்படை. இந்நம்பிக்கையை மருத்துவர்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். அமெரிக்க மருத்துவர் டேவிட் ஸ்பீகலும் அவர் குழுவினரும் மார்பகப் புற்றுநோய் பரவிய 86 பெண்களை ஆராய்ந்து 1989ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வாரந்தோறும் கூடி மனம்விட்டுப் பேசிய பெண்கள், பேசாதவரைவிட ஏறத்தாழ இருமடங்கு காலம் வாழ்ந்தனர் என்பது அம்முடிவு. உலகம் வியந்தது. ஆனால் கனடாவில் பமீலா குட்வின் குழுவினர் 235 பெண்களிடம் அதே முறையைப் பின்பற்றி 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு வேறாயிற்று. கூடிப் பேசியதால் ஆயுள் நீளவில்லை. ஆயினும் பெருந்துயரில் இருந்தவர்க்கு மனத்துயரும் வலியும் குறைந்தன.

இவ்வுண்மையை நாம் மறைக்கலாகாது. சிரிப்பு நோயைத் தீர்க்கும் என்று கூறினால், நோய் பெருகும்போது "நான் போதிய அளவு சிரிக்கவில்லை போலும்" என்னும் பழியும் நோயாளியின் தலைமேல் விழும். புற்றின் சுமையோடு குற்றத்தின் சுமையையும் ஏற்றுதல் இம்சையன்றோ? மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எஹ்ரன்ரைக், நோயாளிகள் எப்போதும் மலர்ந்த முகத்தோடு இருக்க வேண்டும் என்ற வற்புறுத்தலைக் கண்டித்து எழுதினார். அவருடைய சினத்தில் நியாயம் உண்டு.

அப்படியாயின் ஆயுளை நீட்டாத நகையால் என்ன பயன்? நெய்வேலிவாழ் அன்பர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. அங்கே பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழ் ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு நிற்கிறது. அதனை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். இறைப்பதை நிறுத்தினால் அழுத்தம் தரையைப் பிளந்து மேலெழும். எத்தனை ஆண்டுகள் இறைத்தாலும் நிலத்தடி நீர் தீர்ந்துவிட்டது என்று எவரும் கூறுவதில்லை. இறைப்பின் பயன், இன்றைய வேலை இன்று நடக்கிறது என்பதே. முற்றிய நோயோடு வாழ்பவர் உள்ளத்தின் அடியிலும் அச்சம் அவ்வாறே அழுத்திக்கொண்டு நிற்கிறது. நகை அதில் ஒரு பகுதியை இறைக்கிறது. அழுகையும் மற்றொரு பகுதியை இறைக்கிறது. முந்திய இரவு முழுதும் அழுததும் மறுநாள் நம்மைச் சிரிக்கவைத்ததும் ஒரே உள்ளத்தின் உழைப்பே. ஒன்றைப் புகழ்ந்து மற்றதை அடைக்க நினைப்பது அறியாமை.

ஆகவே நாம் துணியும் முடிவு இதுவாகும். நோயை நகைக்கும் உரிமை நோயாளிக்கே உரியது. அவர் நகைத்தால் உடன் நகைப்பது நம் கடன். அவர் அழுதால் அருகிருப்பது நம் கடன். இரண்டும் இன்றி வாளாவிருந்தால் அதனையும் மதிப்பது நம் கடன். நகையைத் தொடங்குவதும் முடிப்பதும் அவர் விருப்பம்.

உடனிருப்போர் செய்யத்தக்கன வேறு சிலவும் உண்டு. முதலாவது, வலியைத் தணித்தல். தணியாத வலியில் எவர்க்கும் நகை தோன்றாது. மார்ஃபின் போன்ற வலி நீக்கும் மருந்துகள் மருத்துவத் தேவைக்கு எளிதில் கிடைக்க வேண்டும் என்பதற்காக 2014ஆம் ஆண்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவர் மேற்பார்வையில் அவற்றை ஏற்பதில் இழுக்கில்லை. வலியைத் தாங்குதல் தவம் என்று தாமே தேர்ந்தவர்க்கு அது தவமாகலாம். பிறர்மேல் சுமத்தினால் கொடுமையாகும்.

இரண்டாவது, வினைக்கொள்கையைப் படுக்கையருகே பாடமாக நடத்தாமை. வினையுண்மை நம் ஆன்மாவை நாம் ஆராய்தற்கு உரிய விளக்கு. பிறர் கண்ணில் பாய்ச்சுதற்கு உரியதன்று.

மூன்றாவது, நோய் முற்றியது என்று கேட்டவுடன் சல்லேகனையைப் பற்றிப் பேசாமை. சமந்தபத்திர ஆசாரியர் பஸ்மக நோயால் வருந்திச் சல்லேகனைக்கு அனுமதி வேண்டியபோது, காலம் வரவில்லை என்று குரு மறுத்து, நோயைத் தீர்த்துக்கொள்ளப் பணித்தார் என்பது வழிவழியாக நாம் கேட்டுவரும் வரலாறு. ஆசாரியர்க்கே அவ்வாறெனில், பிறர் வாழ்வின் காலத்தைக் கணிக்க நாம் யார்?

அச்சகோதரி நம்மை வழியனுப்பும்போது கூறிய சொல் இன்னும் செவியில் ஒலிக்கிறது: "அடுத்த முறை ஆப்பிள் பழம் வேண்டா. வருகிறவர்கள் எல்லாரும் அதையே கொண்டுவந்து, வீடே பழக்கடை ஆகிவிட்டது. நல்ல வேடிக்கைக் கதை ஒன்று கொண்டுவாருங்கள். சூரியன் மறைந்த பிறகும் நான் உட்கொள்ளக் கூடியது அது ஒன்றுதான்."

அடுத்த திங்கள் மீண்டும் செல்வதாக இருக்கிறோம். பெரியவர் இப்போதே ஒரு கதையை மனப்பாடம் செய்து வருகிறார். அத்துணை நன்றாக இல்லை, ஆனால் முயல்கிறார். வாசக அன்பர்களே, நோயின் பெயரைக் கேட்டு நீங்கள் தள்ளிப்போட்ட இல்லம் ஒன்று உங்களுக்கும் இருக்கலாம். வாட்டமுகமும் அறிவுரையும் இன்றி ஒருமுறை சென்று வாருங்கள். அங்கே கேட்பது அழுகையாயினும் சிரிப்பாயினும் அதற்குச் செவி கொடுங்கள்.

எவ்வுயிரும் இன்புறுக! அருகன் அறம் வளர்க!