வாடாத மலரைச் சாத்தலாமா?

இறைவனுக்குச் சூட்டப்படும் மலர் வாடியே தீரவேண்டியதா, அன்றி ஓவியத்தில் தீட்டியதும் பொன்னில் வார்த்ததுமான வாடாத மலரையும் காணிக்கையாகக் கொள்ளலாமா என்னும் வினாவை ஆராயத் தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரை நீளும் சென்னையின் தென்புறநகர் பொருத்தமான களமாகும். பரங்கிமலை உச்சியில் போர்ச்சுக்கீசியர் 1523இல் எழுப்பியதாகக் கூறப்படும் மாதா கோயிலும், பல்லாவரத்துக்கு மேற்கே 108 திவ்ய தேசங்களுள் ஒன்றாகிய திருநீர்மலையும் இப்பகுதியிலேயே உள்ளன. திருநீர்மலையில் துளசிக்கு முதலிடம் உண்டு என்பதை விடுத்தால், இரண்டு மலைகளுக்கும் ஏறிச் செல்வது முழக்கணக்கில் வாங்கிய தொடுத்த பூதான்.

மாதாவுக்கு மாலை சூட்டும் பக்தியிலிருந்து ஐரோப்பாவில் ஓர் ஓவிய வகையே பிறந்தது. அவ்வகைக்கு வருமுன் பூச்சாடி ஓவியத்தைப் பார்க்கவேண்டும். மனிதரோ நிகழ்ச்சியோ இன்றிப் பூச்சாடி, கனி, கிண்ணம் போன்றவற்றை மட்டுமே தீட்டும் படங்கள் பதினேழாம் நூற்றாண்டில் அங்குப் பிரபுக்களின் மாளிகைகளில் பெருமதிப்புப் பெற்றன. ஆண்ட்வெர்ப் நகரத்து ஓவியரான மூத்த யான் புரூகல் (1568–1625), மிலான் பேராயரும் கர்தினாலுமாகிய ஃபெடரிகோ பொரோமியோவுக்காக 1606இல் ஒரு பூச்சாடியைத் தீட்டினார். ஆண்ட்வெர்ப்பில் கிடைக்காத அரிய பூக்களை நேரில் கண்டு வரைவதற்காக அவர் பிரஸ்ஸல்ஸுக்குச் சென்றார். வெவ்வேறு பருவங்களில் மலர்பவை ஒவ்வொன்றும் பூக்கும் வரை காத்திருந்து வரைந்தமையால், எந்தத் தோட்டத்திலும் ஒருங்கே பூத்திராத மலர்கள் அந்த ஒரு சாடியில் ஒன்றுகூடின. சாடியின் அடியில் அவர் ஓர் அணிகலனையும் நாணயங்களையும் வரைந்து, பொன்னையும் மணியையும் பூக்கள் வென்றனவா இல்லையா என்று கர்தினாலே தீர்ப்பளிக்கட்டும் என எழுதினார். பொரோமியோவோ, படத்தில் உள்ள வைரத்தின் மதிப்பே படத்தின் மதிப்பு என்று கொண்டு அவ்விலையையே ஓவியருக்கு அளித்ததாகப் பின்னர் குறித்துள்ளார். நிலையாமையை நினைவூட்டும் பொருளாகவும் கருதப்பட்ட பூ வைர விலைக்குப் போன இச்செய்தியில் உள்ள முரண் அவருக்கு உறுத்தியதாகத் தெரியவில்லை. குளிர்காலத்தில் தோட்டம் வெறுமையாகிவிடும் நாட்டில், படைத்தவனின் கைவண்ணத்தை ஆண்டு முழுவதும் எண்ணி உருகுவதற்குத் தீட்டிய மலரே அவருக்குத் துணையாக இருந்தது.

தமிழ் மரபு இதற்கு நேர்மாறான இடத்திலிருந்து தொடங்குகிறது. திருக்குறள் நிலையாமைக்குத் தனி அதிகாரமே வகுத்திருப்பினும், கோயில் வழிபாட்டில் மலரின் வாட்டம் துயரத்துக்குரிய செய்தியாகப் பேசப்படுவதில்லை. அன்றலர்ந்த பூவாக இருக்கவேண்டும், முகர்ந்ததாக இருக்கக்கூடாது என்பனவே விதிகள். திருவாரூரில் கீழே கிடந்த பூ ஒன்றை எடுத்து முகர்ந்த பல்லவ அரசியின் மூக்கைச் செருத்துணை நாயனார் அரிந்ததாகவும், அவளுடைய கணவர் கழற்சிங்கரே பூவை எடுத்த கையை வெட்டியதாகவும் பெரியபுராணம் கூறுகிறது. அச்செயலின் கொடுமையை எந்த விளக்கமும் தணித்துவிடாது. எனினும் மலரின் மணம் முதலில் எவருக்கு உரியது என்பதில் அம்மரபு கொண்டிருந்த கண்டிப்பை இக்கதையைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது. ஆண்டாள் தான் சூடிக் களைந்த மாலையை இறைவன் விரும்பி ஏற்றான் என்னும் வைணவ வரலாறு இக்கண்டிப்புக்கு விலக்கு; அவள் சூடிய மாலை இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திருமலைக்குச் செல்கிறது. சாத்திக் களைந்த மலரை நிர்மாலியம் என்பர். சிவன் கோயிலில் அது சண்டேசுவரருக்கு உரியது. பெருமாள் கோயிலில் அடியவர்க்குப் பிரசாதமாகிறது. எவ்வாறாயினும் நேற்றைய பூ இன்றைக்கு ஆகாது. ஆகவே நாள்தோறும் ஒருவர் பறித்தாகவேண்டும், தொடுத்தாகவேண்டும். புஷ்ப கைங்கரியம், அதாவது பூத்தொண்டு, என்பது அந்தத் தொடர்ச்சியே.

இந்த அளவுகோலின்படி தீட்டிய பூச்சாடி காணிக்கையாகாது என்று முடித்துவிடத் தோன்றும். ஆயினும் வாடாத மலரை இம்மரபே ஏற்றிருக்கிறது. திருமலையில் செவ்வாய்தோறும் நடைபெறும் அஷ்டதள பாத பத்மாராதனையில் 108 பொற்றாமரைகள் சாத்தப்படுகின்றன; 1984இல் தொடங்கிய இவ்வழிபாட்டுக்கு அப்பூக்களை அளித்தவர் குண்டூரைச் சேர்ந்த இஸ்லாமிய அன்பர் ஒருவர். கொல்லாமை, புலனடக்கம், பொறுமை முதலியவற்றை எட்டு மலர்களாகக் கொண்டு மனத்தால் அருச்சிக்கும் அகப்பூசையும் உண்டு. அம்மலர்கள் வாடுவதில்லை, அவற்றுக்கு மணமும் இல்லை. எனவே வாட்டம் காணிக்கையின் இலக்கணம் ஆகாது. பொன்மலர் கொடுத்தவரின் கையை விட்டு நீங்கியது. அகமலரைத் தருபவர் தம் சினத்தையும் விருப்பையும் விட்டாகவேண்டும். பிரபுவின் சுவரில் தொங்கிய பூச்சாடியோ விலை கொடுத்தவரிடமே தங்கிவிட்டது. அதன் குறை அது வாடாமையில் இல்லை, எவர் கையையும் விட்டு நீங்காமையில்தான் உள்ளது.

இவ்வாறு பார்த்தால் புரூகலின் மாணவரும் இயேசு சபைத் துறவியுமான டேனியல் செகர்ஸ் (1590–1661) வேறு நிலையில் நிற்கிறார். நடுவில் மாதாவின் உருவம் அமைய, அதைச் சுற்றிப் பூமாலை தீட்டும் முறை புரூகல் பொரோமியோவுக்காக 1608 அளவில் தொடங்கியது. அதை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தவர் செகர்ஸ். அவருடைய படங்கள் பெரும்பாலும் விற்கப்படாமல் சபையின் பரிசுப் பொருள்களாக அரசர்களுக்கும் இளவரசர்களுக்கும் சென்றன. சபைக்கு அதில் அரசியல் ஆதாயம் இருந்தது. எனினும் ஓவியரின் கையில் எதுவும் மிஞ்சவில்லை. மாதாவுக்குத் தூரிகையால் மாலை தொடுத்த அவரைப் பூத்தொண்டர் வரிசையில் வைத்து எண்ணுவது தவறாகாது.

தாம்பரத்து வீடுகளின் பூசையறையில் தொங்கும் தஞ்சாவூர் ஓவியத்துக் கடவுளர்க்குப் பொன் தகட்டிலும் கல்லிலும் மாலை ஏற்கெனவே இழைக்கப்பட்டிருக்கும். அதன் மீதே ஒரு சரம் மல்லிகை நாள்தோறும் சாத்தப்படுகிறது, அதனால் தீட்டிய மாலை மறைவதை எவரும் குறையாக நினைப்பதில்லை. கூடத்தில் உள்ள இறந்தோர் படத்துக்கோ பெரும்பாலும் சந்தனச் சீவல் மாலையோ பிளாஸ்டிக் மாலையோதான். நாள்தோறும் செய்யவேண்டிய கடமை அங்கே இல்லாமையால் வாடாத மாலை அவ்விடத்துக்குப் போதுமானதாகிறது. ஆண்டுத் திதி வரும்போது மட்டும் கடைத்தெருவிலிருந்து புதிய மாலை வாங்கிவந்து, பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே சூட்டுகிறார்கள்.