பொதுப் பேரேடும் தனி மனிதனும்

தோட்டத்துக் கிராணியின் தொழில் எழுதுவது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆள்கள் வரிசையாய் நிற்க, நாம் செக்ரோலைத் திறந்து பெயர் கூப்பிடுகிறோம். பெயருக்கு நேரே ஒரு கோடு விழுந்தால் அன்றைக் கூலி உண்டு; விழாவிடின் இல்லை. மழையில் நனைந்து செம்பனைக் குலை வெட்டியவன் ஒருவன். அவன் உழைத்தான் என்பதற்குச் சான்று நிழலில் அமர்ந்து நாம் இடும் கோடு. ஆதலின் ஏட்டில் எழுதுவோனிடம் ஓர் அதிகாரம் இருக்கிறது. அதனை அவன் கேட்டுப் பெற்றானல்லன். வேண்டாவென்று ஒதுக்கவும் அவனால் ஆகாது.

ஒரு தோட்டத்து ஏட்டிற் பிழை நேர்ந்தால், பிழைபட்டவன் மறுநாள் ஆபீசு வாசலில் வந்து நிற்பான். “கிராணி ஐயா, முந்தாநாள் எனக்கு ஒரு பேர் விட்டுப்போச்சுங்க” என்பான். எழுதியவன் முகத்தை அவன் அறிவான். அவன் முகத்தை எழுதியவன் அறிவான். வழக்கு அங்கேயே தீரும். ஆனால், எழுதுவோன் ஒரு நாட்டிலும், அதைப் படிப்போன் மற்றொரு நாட்டிலும், எழுதப்பட்டவன் இருவரும் அறியாத மூன்றாமவனாகவும் இருப்பின், பிழை எவருடையது? அதனைத் திருத்துங் கடமை எவருடையது? இதுவே நாம் இன்று நேயர்களோடு ஆராய விரும்பும் வினா.

இஃது ஏதோ ஏட்டுச்சுரைக்காய் வினா என்று நேயர்கள் எண்ணலாகாது. உலகத்துத் தேசங்கள் பல கூடி எழுதும் பேரேடுகள் இன்று நடைமுறையில் உள்ளன. களவுபோன கடப்பிதழ்கள், தேடப்படும் குற்றவாளிகள், காணாமற்போன குழந்தைகள், திருடப்பட்ட வண்டிகள் ஆகிய இவற்றின் விவரங்களை ஒரு நாட்டுப் போலீசார் பதிய, மற்றை நாட்டார் கணினியில் நொடிப்பொழுதிற் காண்கின்றனர். 1981ஆம் ஆண்டு மணிலாவிற் கூடிய ஆசியான் நாட்டுப் போலீஸ் தலைவர்களின் அமைப்பாகிய ஆசியானாபோல், தனக்கென ஒரு பொதுத் தகவலேட்டை வைத்துளது. அதன் நிரந்தரச் செயலகம் 2010ஆம் ஆண்டு முதல் நம் கோலாலம்பூரிலேயே இயங்கி வருகிறது. அனைத்துலகப் போலீஸ் அமைப்பாகிய இன்டர்போலோ, களவுபோன கடப்பிதழ்களுக்கென 2002ஆம் ஆண்டில் ஒரு தனிப் பேரேட்டைத் தொடங்கிற்று. ஆகவே, பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் தேநீர் அருந்துவோரும், கிள்ளான் தோட்டப்புறத்தில் குலை சுமப்போரும் இவ்வேடுகளின் எல்லைக்குப் புறம்பானவரல்லர்.

இத்தகைய ஏட்டினால் விளையும் முதற் பிழை, அதனைத் திறவாதிருத்தலாம். 2014ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8ஆம் நாள், சிப்பாங் விமான நிலையத்தினின்றும் பெய்ஜிங் நோக்கிப் புறப்பட்ட எம்.எச். 370 விமானம் 239 பேரொடு மறைந்த துயரத்தை எவரும் மறந்திரார். அவ்விமானத்திற் சென்றோருள் இருவர் பிறருடைய கடப்பிதழ்களைக் கொண்டிருந்தனர் என்பது பின்னர் வெளியாயிற்று. ஒன்று ஆஸ்திரியருடையது, மற்றொன்று இத்தாலியருடையது. இரண்டும் 2012, 2013ஆம் ஆண்டுகளில் தாய்லாந்தில் திருடப்பட்டவை. இரண்டும் இன்டர்போல் ஏட்டில் ஏறியிருந்தவை. அவ்விருவரால் விமானத்திற்குத் தீங்கு நேர்ந்ததென்று எவரும் நிலைநாட்டவில்லை. ஐரோப்பாவிற் புகலிடந் தேடிப் போந்தவரென்றே போலீசார் கருதினர். எனினும், எழுதி வைத்த உண்மை ஏட்டில் உறங்க, அதற்கு மாறான பொய் வாயிலைக் கடந்து சென்றது என்பதை மறுத்தற்கில்லை.

ஏன் ஏட்டைப் பார்க்கவில்லை என்ற கேள்வி எழுந்தபோது, நான்கு கோடிக்கு மேற்பட்ட பதிவுகளை ஒத்துப்பார்த்தால் பயணிகளுக்குத் தாமதம் உண்டாகும் என்று அப்போதைய உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் விடையிறுத்தார். இன்டர்போல் உடனே மறுத்தது. ஒரு கடப்பிதழை ஒத்துப்பார்க்க 0.2 விநாடி போதும் என்றும், அண்டை நாடாகிய சிங்கப்பூர் ஆண்டுக்கு 2 கோடியே 90 இலட்சம் தடவை பார்க்கிறதென்றும், மலேசியக் குடிநுழைவுத் துறை அவ்விபத்துக்கு முன் அவ்வாண்டில் ஒரு தடவையேனும் பார்த்ததில்லை என்றும் கூறிற்று. யாரைப் பழிப்பதற்காகவும் இதனை எடுத்துரைத்தோமில்லை. ஏடு இருத்தல் வேறு; அதனை நாடோறுந் திறத்தல் வேறு என்பதற்கே உரைத்தோம். பூட்டிய பெட்டியில் மருந்து இருப்பதனால் நோய் தீருமா?

அங்ஙனமாயின், எப்போதும் ஏட்டைத் திறந்து, அது சொன்னபடி செய்து விட்டால் அறம் நிறைவேறிற்று எனலாமோ? ஆகாது. இரண்டாவது பிழை அங்கேதான் பிறக்கிறது. 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 27ஆம் நாள், ஹக்கீம் அல் அரைபி என்னும் கால்பந்து வீரர் மனைவியோடு பாங்காக்கு நகரில் வந்திறங்கினார். பஹ்ரேன் நாட்டிற் பிறந்து, அங்கே துன்புறுத்தப்பட்டு, ஆஸ்திரேலியாவில் அகதியாய் ஏற்கப்பட்டவர் அவர். அகதி எந்நாட்டினின்றும் ஓடி வந்தானோ, அந்நாட்டின் வேண்டுகோளின்மேல் அவனுக்குச் சிவப்பு அறிவிப்பு விடலாகாதென்பது இன்டர்போலின் விதி. விதி இருந்தும் பஹ்ரேன் கேட்டபடி அறிவிப்பு ஏட்டில் ஏறியிருந்தது. அவர் வருகையை ஆஸ்திரேலியப் போலீசாரே தாய்லாந்துக்குத் தெரிவித்தனர். அவர் அகதி என்பதை அறிந்த இலாகா ஒன்று. செய்தி அனுப்பிய இலாகா மற்றொன்று. ஒன்று அறிந்ததை மற்றொன்றுக்கு வேளையிற் சொல்லவில்லை. அறிவிப்புச் சில நாளில் நீக்கப்பட்டது. மனிதரோ 76 நாள் சிறையிற் கிடந்தார். ஏட்டின் வரியை அழிப்பது எளிது; அவ்வரியால் நேர்ந்ததை அழிப்பது எளிதன்று.

இங்கே எவர் குற்றவாளி? எழுதக் கேட்டோர், “எங்கள் நீதிமன்றத் தீர்ப்பு” என்பர். எழுதியோர், “கேட்டதைப் பதிந்தோம்” என்பர். தெரிவித்தோர், “ஏட்டில் உள்ளதைத் தெரிவித்தோம்” என்பர். பிடித்தோர், “தெரிவித்ததன்பேரிற் பிடித்தோம்” என்பர். ஒவ்வொருவர் கையும் தூயதாய்த் தோன்ற, நடுவே ஒரு மனிதன் கம்பிக்குள் இருக்கிறான். பொது ஏட்டின் பெருந்தீமை இதுவே: அது தகவலை மட்டும் பங்கிடுவதன்று, பொறுப்பையும் பங்கிட்டுப் பங்கிட்டு, ஈற்றில் ஒருவர் கையிலும் இல்லாதபடி செய்து விடுகிறது.

“கோடிக்கணக்கான வரிகளுள் ஒன்றிரண்டு பிழைபடுதல் இயல்பே, நாட்டின் பாதுகாப்புக்கு முன் அது சிறிது” என்று சொல்வார் உளர். அவர் கூற்றில் ஓரளவு உண்மையுண்டு. பொய்க் கடப்பிதழில் ஏமாற்றிக் கடத்தப்படும் பெண்ணைக் காப்பதும் இவ்வேடேயாம். அதனை வேண்டாவென்று நாம் கூறோம். ஆனால், “சிறிது” என்ற சொல்லை யாம் ஒரு காலத்திற் கூசாது வழங்கினோம். இப்போது வழங்க நாக்கு எழுவதில்லை. அதன் காரணத்தைச் சொல்லுதல் நம் கடன்.

சில ஆண்டுகளுக்கு முன், இராமநாதபுரச் சீமையிலிருந்து ஒரு வாலிபன் நம் தோட்டத்து வேலைக்கு வந்திருந்தான். ஆங்கிலப் பள்ளியிற் படித்தவர் என்ற பெருமையால் அயல்நாட்டு ஆள்களின் பெர்மிட்டுத் தாள்களை நிரப்பும் வேலை நம்மிடம் இருந்தது. அவனது கடப்பிதழ் எண்ணில் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை நாம் இடம் மாற்றி எழுதி விட்டோம். மாலை வேளை, அன்று முப்பது தாள்கள், நாம் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பணம் அனுப்பக் கிள்ளான் போன அவன், சோதனையில் அகப்பட்டான். ஒத்துப்பார்த்ததில் பெர்மிட்டின் எண்ணும் கடப்பிதழின் எண்ணும் பொருந்தவில்லை. பொருந்தாதவனைப் பிடித்து வைத்தனர். சோதித்தவர் மீது குறையில்லை. ஏடு காட்டியதை அவர் நம்பினார். ஏடோ நாம் எழுதியதைக் காட்டிற்று.

இரண்டு இரவு கழிந்து அவனை மீட்டு வந்தோம். வழிநெடுக அவன் ஒன்றும் பேசவில்லை. தோட்டத்து வாயிலில் இறங்குகையில், “ஐயா, நான் என்ன தப்பு பண்ணினேன்னு ராத்திரி பூரா யோசிச்சுப் பார்த்தேங்க, ஒண்ணும் தெரியலை” என்றான். பிழை நம்முடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். “எங்கோ தவறு நேர்ந்துவிட்டது” என்றோம். எங்கோ! அந்த ஒரு சொல்லின் பின்னே நாம் ஒளிந்துகொண்டோம். மறுவாரந்தான் அவனிடம் உண்மையைச் சொன்னோம். அவன் கோபித்துக்கொண்டிருந்தால் நம் மனம் ஆறியிருக்கும். அவன் தலையை மட்டும் அசைத்தான். அன்றுமுதல், பெரிய அமைப்புகள் “தவறு நேர்ந்தது” என்று அறிக்கை விடும்போதெல்லாம், எழுவாய் இல்லாத அவ்வாக்கியத்தின் பின் ஒரு கிராணி ஒளிந்திருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

ஆதலால், இத்தகைய ஏட்டைப் புதிதாய்த் தொடங்குவோர் முதலிற் கவலவேண்டுவது திறப்புவிழா நாளைப் பற்றியன்று. ஐரோப்பியர் கண்ட அனுபவம் இதற்குச் சான்று. எல்லைச் சோதனையை நீக்கிய ஷெங்கன் நாடுகள் 1995ஆம் ஆண்டில் ஒரு பொதுத் தகவலேட்டை நடைமுறைக்குக் கொணர்ந்தன. அதன் இரண்டாந் தலைமுறை ஏடு 2007ஆம் ஆண்டு மார்ச்சில் தொடங்கும் என்றனர். தொடங்கியதோ 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள். செலவு முதல் மதிப்பைப்போல் எட்டு மடங்காயிற்று. ஐரோப்பியத் தணிக்கை மன்றம் 2014ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்து, முதலிற் குறித்த நாள் தொழில்நுணுக்க ஆராய்ச்சியிற் பிறவாது அரசியல் நோக்கிற் பிறந்ததென்று சுட்டிற்று. ஏட்டை நாள்தோறும் கையாள்வோரின் கருத்தும் தொடக்கத்திற் போதியவாறு கேட்கப்படவில்லை.

தாமதத்தை நாம் புகழ்ந்தோமில்லை. பொதுப்பணம் வீணாவதும் அறக்கேடே. ஆனால், ஆயத்தமாகாத ஏட்டை நாள் வந்துவிட்டதென்று திறத்தல் அதனினும் கொடிது. தாமதத்தின் விலையைக் கருவூலம் இறுக்கும். அவசரத்தின் விலையை எல்லையில் நிற்கும் ஏழை இறுப்பான்.

அவ்வேழை தமிழனாயின் அவனுக்கு இன்னுமொரு துன்பம் உண்டு. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரே உண்டு. ஒரு நாட்டில் தந்தை பெயர் முன்னே ஓரெழுத்தாய் நிற்கும். இந்நாட்டில் “ஏ/எல்” என்ற குறியின் பின்னே நிற்கும். மற்றொரு நாட்டுத் தாளில் அதுவே குடும்பப்பெயராகி, மகனைத் தகப்பன் பெயர் சொல்லி அழைப்பர். ஆங்கில எழுத்தில் “ழ”கரத்தை எழுதும் முறையோ ஒன்றல்ல. பழனியப்பன் ஒருவனே பல நாட்டு ஏடுகளிற் பல மனிதனாவான்; பல பழனியப்பர் ஒரே மனிதனாவர். இதனை அறியாத கணினி “பொருந்தவில்லை” என்னும். அல்லது பொருந்தாததைப் “பொருந்தியது” என்னும். இக்குறையை எடுத்துச் சொல்வோர் ஏடு வகுக்கும் சபையில் இருத்தல் வேண்டும்; இல்லையேல் நம் பெயர் நமக்கே பகையாகும்.

வள்ளுவர் அரசியலில் ஒற்றாடல் என ஓர் அதிகாரம் வகுத்தார். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனாற் சோதித்தல் வேண்டும் என்பது அவர் அதிற் கூறிய நெறிகளுள் ஒன்று. உளவே கூடாதென்று அவர் உரைத்தாரல்லர். ஒரு வாய்ச்சொல்லை மட்டும் நம்பி ஒருவன்மேல் கை வைக்கலாகாதென்றார். இன்றைய பேரேட்டுக்கும் அந்நெறியே உரியது. ஏட்டின் வரி விசாரணைக்குத் தொடக்கமாகலாம், தீர்ப்பாகலாகாது.

இனி, திருத்துதல். ஷெங்கன் ஏட்டிலுள்ள தன் விவரத்தைக் கேட்டறியவும், பிழையைத் திருத்தக் கோரவும் ஒருவனுக்கு உரிமையுண்டு. இன்டர்போலுக்கும் கோப்புகளை ஆராயும் தனிக் குழு ஒன்று உளது. எவரும் அதற்கு எழுதலாம். ஆனால் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு ஆகிய நான்கனுள் ஒன்றில் எழுதுதல் வேண்டும். செக்ரோலிற் பிழை கண்ட தொழிலாளி தன் மொழியில் வந்து கேட்கிறான். உலகப் பேரேட்டிற் பிழைபட்டவன் எவ்வாசலில், எம்மொழியில் நிற்பது? வாசலில்லாத ஆபீசு எவ்வளவு ஒழுங்காய் நடந்தாலும் அது நீதியுடைய ஆபீசாகாது.

ஆகவே, நேயர்களே, நாம் கண்ட முடிபு இது. பொது ஏடு தீதன்று. ஆனால் அதில் எழுதுவோன் தன் வரிக்குத் தன் பெயரால் விடை கூறல் வேண்டும். படிப்போன் திறந்து பார்த்தல் வேண்டும். பார்த்தபின் மீண்டும் கேட்டல் வேண்டும். எழுதப்பட்டவன் வந்து நிற்பதற்கு ஒரு வாசல் வேண்டும். இம்மூன்றும் அமைந்த நாளே அவ்வேட்டின் திறப்பு நாள். விளக்கேற்றி, நாடா வெட்டி, படம் பிடித்த நாளன்று.

அரசாங்கங்களுக்கு அறிவுரை கூறும் தகுதி ஒரு தோட்டக் கிராணிக்கு ஏது என்பார்க்கு நம் விடை ஒன்றே. உலகப் பேரேடெல்லாம் இத்தகைய கிராணிகள் பலர் எழுதிய வரிகளின் தொகுதியே. இன்றும் மாலையில் தாள்கள் வருகின்றன. அந்த வாலிபன் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டான். ஒவ்வோர் எண்ணையும் விரல் வைத்து இருமுறை படிக்கிறோம். அதனால் நேரமாகிறது. ஆகட்டும்.