செயலா, செய்தவனா?

குற்றம் இயற்கையில் கிடைக்கும் பொருளன்று. ஒரு செயலால் விளையும் காயமோ இழப்போ கண்ணுக்குத் தெரியும். அதைக் குற்றம் என்று ஆக்குவது சமூகமும் அதன் சட்டமும். இந்தியாவில் ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் மனமொத்துக் கூடுவது 2018 செப்டம்பர் 6 காலைவரை தண்டனைக்குரியது. அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியபின் அது தனிமனித உரிமை. மூன்று வாரம் கழித்து, பிறன் மனைவியுடன் உறவு கொண்ட ஆணைத் தண்டித்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவும் ரத்தாயிற்று. அந்த மாதத்தில் யாருடைய நடத்தையும் மாறிவிடவில்லை. கோடுதான் இடம் மாறியது.

அப்படியானால் கோட்டை எங்கே போடுவது? சமயங்களின் பழைய விடை, பாவம் எதுவோ அதுவே குற்றம் என்பது. ஆனால் அறநூல்களே இரண்டையும் எப்போதும் ஒன்றாக வைப்பதில்லை. திருக்குறளில், பரிமேலழகர் வழிவந்த வரிசைப்படி, ‘கள்ளாமை’ துறவறவியலில் இருக்கிறது. பிறர் பொருளை மனத்தால் நினைப்பதையே அந்த அதிகாரம் தீமையாகக் கொள்கிறது. அரசன் தண்டிக்கும் முறையோ வேறிடத்தில், பொருட்பாலில், செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்தசெய்யாமை என்ற அதிகாரங்களில் பேசப்படுகிறது. மனத்தை ஆள்வது அவரவர் பாடு. அரசின் கை செயலில்தான் விழலாம். இன்றைய குற்றவியல் சட்டத்துக்கும் பொதுவான அடிப்படை இதுவே. கெட்ட எண்ணம் மட்டும் இருந்தால் போதாது, எண்ணத்தோடு செயலும் சேர வேண்டும்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் 1895இல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தார். முனிவர்கள் மட்டுமே வாழும் மடத்திலும் குற்றம் இருக்கும், வெளியுலகம் பொருட்படுத்தாத சிறு பிசகு அங்கே பெருங்குற்றமாகிவிடும் என்றார். குற்றமே இல்லாத சமூகம் இருக்க முடியாது என்பது அவர் முடிவு. இதைக் கேட்டதும் குற்றத்துக்கு அவர் வக்காலத்து வாங்குகிறார் என்று தோன்றும். எதைப் பொறுக்க மாட்டோம் என்பதை வைத்தே ஒரு சமூகம் தன்னை அறிந்துகொள்கிறது என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

கோடு மாறக்கூடியது என்றால் கணக்கும் மாறும். பெல்ஜியப் புள்ளியியலாளர் அடோல்ஃப் கெத்தலே 1830களில் பிரான்சின் நீதிமன்றப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, ஆண்டுதோறும் குற்றங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரே அளவில் வருவதைக் கண்டு வியந்தார். தெரிந்த குற்றங்களுக்கும் தெரியாமலே போனவற்றுக்கும் இடையே மாறாத விகிதம் இருப்பதாகக் கொண்டால்தான் இந்தக் கணக்குக்குப் பொருள் உண்டு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த விகிதம் நிலையாக நிற்பதில்லை என்பதே குற்றப் புள்ளிவிவரத் துறையின் தீராத தலைவலி.

தமிழ்நாட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பவருக்குப் பல வேளைகளில் முதலில் கிடைப்பது, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. முதல் தகவல் அறிக்கை பதிவானால்தான் அந்தப் புகார் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைக்குப் போய்ச் சேரும். ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால், மிகக் கடுமையான ஒன்று மட்டுமே எண்ணப்படும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் வந்தால் வழக்குப் பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு அரசியல் சாசன அமர்வே கூட வேண்டியிருந்தது. அதே 2013இல் நாடு முழுவதும் பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகள் முந்தைய ஆண்டின் 24,923இலிருந்து 33,707 ஆயின. 2012 டிசம்பர் டெல்லிக் கூட்டு வன்புணர்வுச் சம்பவத்துக்குப் பின் பெண்கள் துணிந்து புகார் கொடுத்தார்கள். சட்டத் திருத்தம் குற்றத்தின் வரையறையையும் விரித்திருந்தது. கொடுமையே கூடியதா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. எண்ணிக்கை ஏறினால் ஆட்சி கெட்டது, இறங்கினால் நல்லது என்று மேடையில் முழங்குபவர்கள் இந்தச் சிக்கலைக் கண்டுகொள்வதில்லை. குறைந்த எண் என்பது சில ஊர்களில் காவல் நிலையத்தின் படியேற மக்களுக்கு உள்ள அச்சத்தின் அளவாகவும் இருக்கலாம்.

தடுப்பது எப்படி என்ற கேள்விக்கு மிக ஆழமான பழைய விவாதம் பாலி மொழியின் பௌத்தத் தொகுப்பான தீக நிகாயத்தில் உள்ளது. அதன் சக்கவத்தி சீகநாத சுத்தத்தில் ஓர் அரசன் நாட்டைக் காக்கிறான், ஆனால் ஏழைகளுக்குப் பொருள் கொடுப்பதில்லை. வறுமை பரவுகிறது. ஒருவன் திருடிப் பிடிபடுகிறான். பிழைக்க வழியில்லை என்கிறான். அரசன் மனமிரங்கிப் பணம் கொடுக்கிறான். திருடினால் பணம் கிடைக்கும் என்று செய்தி பரவ, திருட்டு பெருகுகிறது. உடனே அரசன் மறுகோடிக்குப் போய், அடுத்துப் பிடிபட்டவனின் தலையை மழித்து, பறையறைந்து தெருத்தெருவாகக் கூட்டிச் சென்று, நகரின் தெற்கு வாயிலுக்கு வெளியே வெட்டச் சொல்கிறான். அதைப் பார்த்தவர்கள் திருட்டை விடவில்லை. கூரிய ஆயுதம் செய்துகொண்டு, இனிப் பறிகொடுத்தவனின் தலையையும் எடுத்துவிடுவோம் என்று கிளம்புகிறார்கள். கொலை, பொய் என்று தீமை வளர வளர மனிதரின் ஆயுள் எண்பதாயிரம் ஆண்டிலிருந்து பத்து ஆண்டாகச் சுருங்குகிறது.

இரக்கமும் தோற்கிறது, வாளும் தோற்கிறது; இரண்டுமே திருட்டு நடந்த பிறகு வந்தவை. அதே தொகுப்பின் கூடதந்த சுத்தத்தில் மகாவிஜிதன் என்ற அரசனுக்குப் புரோகிதர் தரும் யோசனை முன்கூட்டியது: உழவருக்கு விதை, வணிகருக்கு முதல், அரசுப் பணியாளருக்குக் கூலி. வயிற்றுப்பாட்டுத் திருட்டுக்கு இதைவிடத் தெளிவான மருந்து சொல்லப்பட்டதில்லை. கோடிகளைக் கையில் வைத்துக்கொண்டே வங்கியை ஏமாற்றுபவனுக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவனுக்குப் பொருந்துவது 1764இல் இத்தாலியின் செசாரே பெக்காரியா வைத்த வாதம்: தண்டனையின் கொடுமையைவிட, தப்ப முடியாது என்ற உறுதியே மனிதனைத் தடுக்கிறது.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. சூழலையோ செயலையோ விட்டுவிட்டு ஆளையே பிடிப்பது. காலனி அரசின் 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டம் சில சமூகத்தாரைப் பிறப்பாலேயே குற்றவாளிகள் ஆக்கியது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் ஆஜராக வேண்டும், அனுமதிச் சீட்டின்றி ஊரைவிட்டுப் போகக் கூடாது. மதுரை வட்டாரத்தில் மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்கள் மீது போலீஸ் சுட்டதில் பலர் இறந்தார்கள். அதே காலத்தில் அதே அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் இன்றும் நடக்கின்றன. குற்றத்தை எது தடுத்தது, ரேகையா பள்ளியா என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் பதில் சொல்லத் தயங்குபவர்கள் குறைவு.

பௌத்த மரபின் அங்குலிமாலன் கதை ரேகைச் சட்டத்துக்கு நேர் எதிர். பலரைக் கொன்றவன் துறவியாகிறான். அவனைப் பிடிக்கப் படையோடு வந்த பசேனதி அரசன் வணங்கித் திரும்புகிறான். ஆயினும் பிச்சைக்குப் போன இடத்தில் அவன் மீது கல் விழுகிறது, அதையும் கதை மறைக்கவில்லை. செய்தவன் மாறிவிடலாம், செய்தது அழிவதில்லை. ரேகைச் சட்டத்தின் தர்க்கத்தில் இரண்டுக்கும் இடமில்லை: அங்கே செயலே தேவைப்படவில்லை, மாற்றத்துக்கு வழியும் இல்லை.

சென்னை மாகாணம் 1947இலும் நாடு முழுமையும் 1952இலும் அந்தச் சட்டத்தை நீக்கின. அதற்குள்ளான சமூகத்தார் சீர்மரபினர் ஆனார்கள். அதன் இடத்தில் வழக்கமான குற்றவாளிகளைக் கண்காணிக்கும் சட்டங்கள் வந்தன. அவை குறிப்பது சாதியை அல்ல, முன்பு தண்டிக்கப்பட்ட தனி ஆளை. அந்த அளவில் அது முன்னேற்றமே. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டமோ, இனிச் செய்யக்கூடும் என்ற கணிப்பின் பேரில் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க இடம் தருகிறது. கணிப்புக்குச் சாட்சி கிடையாது என்பதால் ஆவணத்தில் உள்ள பிழை, தாமதம் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டுதான் நீதிமன்றங்கள் பல ஆணைகளை ரத்து செய்கின்றன. சிறைக் கையேடுகள் சீர்மரபினரைக் குற்றப் பழக்கம் உள்ளவர்களாகக் காட்டுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தது. வழக்கமான குற்றவாளிகள் சட்டங்கள் பல மாநிலங்களில் இன்னும் ஏட்டில் இருக்கின்றன.