பாதி விலகல்

வேலையிலிருந்து ஒரே நாளில் விலகுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக விலகுவது நல்லது என்கிற யோசனை இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. ஒரு வயதுவரை முழு நாள், பிறகு சில வருஷங்கள் அரை நாள், அப்புறம் ஓய்வு. கேட்க நியாயமாகவே இருக்கிறது. வேலை நேரம் குறைகிறது, சரி. வேலையோடு ஒருவனுக்குள்ள உறவில் எது குறைகிறது என்பதுதான் பிரச்னை.

இதற்கு ஒரு பழைய வடிவம் உண்டு: வானப்பிரஸ்தம். தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரனையும் பார்த்துவிட்டவன் காட்டுக்குப் போகலாம் என்கிறது மனு ஸ்மிருதி. மனைவியை உடன் அழைத்துப் போகலாம், பிள்ளைகளிடம் விட்டும் போகலாம். ஆனால் வேள்வித் தீயை அவன் கூடவே எடுத்துச் செல்ல வேண்டும். அதையும் விடுவது அடுத்த நிலையான சந்நியாசத்தில்தான். இந்த ஏற்பாடு இருபிறப்பாளனுக்கு மட்டுமானது என்பதை மறக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அதன் தர்க்கம் கவனிக்கத் தக்கது. அதில் விலகல் என்பது நாழிகைக் கணக்காக இல்லாமல், எதை விடுவது, எதைக் கையோடு கொண்டுபோவது என்கிற தேர்வாக இருக்கிறது.

அலுவலகம் இந்தத் தேர்வை ஒரு தேதியாக மாற்றிவிட்டது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆயிற்று, 2021-இல் 60 ஆயிற்று. மாதக் கடைசியில் முதியவனாகியிருக்க வேண்டியவன் ஓர் உத்தரவினால் இன்னொரு வருஷம் முதுமையடையாமல் இருந்தான். கல்வியாண்டின் நடுவில் ஓய்வு பெறும் ஆசிரியருக்கு ஆண்டு முடியும்வரை மறுநியமனம் தருகிற வழக்கம் இருக்கிறது. அதுவும் மாணவர்களை உத்தேசித்துத்தான். தேதிக்குப் பிறகு என்ன எஞ்சுகிறது என்பதை நவம்பர் மாதத்தில் எங்கள் கவுண்டரில் பார்க்கலாம். ஓய்வூதியக்காரர்கள் உயிர்வாழ் சான்று தர வரிசையில் நிற்பார்கள். அவர்களிடம் நிறுவனத்துக்குக் கேட்க மிச்சமிருப்பது, உயிரோடிருக்கிறீர்களா என்கிற ஒரு கேள்விதான்.

ஜெர்மனி 1996-இல் படிப்படியான ஓய்வுக்கென்றே ஒரு சட்டம் செய்தது. 55 வயதைத் தாண்டியவர் வேலையைப் பாதியாக்கிக்கொள்ளலாம். ஆனால் பெரும்பாலோர், குறித்த காலத்தின் முதற்பாதியில் முழு நேரம் உழைத்துவிட்டு மறுபாதியில் அறவே வராமலிருக்கும் வழியையே எடுத்துக்கொண்டார்கள். பாதி பாதியாகத் தரப்பட்டதைச் சேர்த்துவைத்து, ஒரே நாளில் நின்றுவிடும் உரிமையாக மாற்றிக்கொண்டார்கள். இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. அதே மேஜை, அதே கோப்பு, அதே மேலதிகாரி. அவற்றைப் பாதி நேரத்துக்குப் பெறுவதில் புதிதாக எதுவுமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலையில் இப்படியொரு தேதி கிடையாது. அங்கே மலையாளிகள் என்றழைக்கப்படும் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்கிறார்கள். மண்ணை நம்பிய எந்தக் குடும்பத்தையும் போலத்தான்: உடம்பு தளரத் தளர ஒருவர் ஏரைவிட்டுக் காவலுக்கும், காவலைவிட்டு ஆடு மாடு பார்ப்பதற்கும், கடைசியில் வாசலில் உட்கார்ந்து விதை தெள்ளுவதற்கும் நகர்கிறார். வேலை பாதியாவதில்லை, வேறாகிறது. எந்தத் தானியம் விதைக்கு ஆகும் என்று தெரிந்தவர் என்பதால் முதுமைக்கென்றே ஒரு ஸ்தானமும் கிடைக்கிறது.

இதை உடனே கொண்டாடிவிடுவது மாதச் சம்பளக்காரனின் சபலம். அந்த நகர்தலை உடம்பும் வறுமையும் தீர்மானிக்கின்றன, அவர் தீர்மானிப்பதில்லை. 2006 பிப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் முதலில் தொடங்கிய மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. கள்ளக்குறிச்சி அப்போது அதில்தான் இருந்தது. நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியும் கூடையுமாக வந்தவர்களில் முதியவர்கள் ஏராளம். வருஷத்தில் நூறு நாள் என்பது கணக்குப்படி பகுதி நேர வேலைதான். அதை ஓய்வுக்கு இறங்கும் படி என்று யாரும் சொல்லத் துணியமாட்டோம். 2023-இல் முதியோர் உதவித்தொகை 1000 ரூபாயிலிருந்து 1200 ஆயிற்று. அந்த 1200 ரூபாயை நம்பி மண்வெட்டியைக் கீழே வைத்துவிட முடியாது. மனு சொல்லும் காடு ஒருவன் விலகிப் போகிற காடு. கல்வராயன் மலையின் காடு விலக முடியாத காடு.

சம்பளக்காரனுக்கு நிற்கும் உரிமை இருக்கிறது, முதுமைக்கான வேலை இல்லை. மலையிலிருப்பவருக்கு முதுமைக்கான வேலை இருக்கிறது, நிற்கும் உரிமை இல்லை. இரண்டும் ஒருவரிடமே சேராதவரை படிப்படியான ஓய்வு என்பது நேர அட்டவணையில் செய்யும் திருத்தமாகவே இருக்கும். இவற்றில் எது முந்தியது என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. முழுவதையும் மறுக்க முடிந்தவன் விரும்பி ஏற்கும் பாதி வேலைக்குத்தான் விலகல் என்று பெயர். மறுக்க முடியாதவனுக்கு அது பாதிக் கூலி. நிற்கும் உரிமை எல்லோருக்கும் வந்த பிறகே, எந்தத் தீயைக் கையோடு எடுத்துப் போவது என்கிற கேள்வி நேர்மையான கேள்வியாகும்.