கூடாரமும் விரதமும்

கோலாலம்பூரிலிருந்து ரவாங் செல்லும் சாலையில், நகரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் வடக்கே டெம்பிளர் பூங்கா இருக்கிறது. சுமார் 1,200 ஹெக்டேர் மழைக்காடும் தக்கூன் என்னும் சுண்ணாம்புக்கல் குன்றும் அங்கே உள்ளன. அதை அடுத்து ஏழு அடுக்குகளாக இறங்குகிறது கஞ்சிங் நீர்வீழ்ச்சி. இந்தக் காடுகள் சிலாங்கூர் மாநிலத்தின் கிழக்கு எல்லை நெடுகப் பரந்துள்ள பெரிய காட்டுத் தொடரின் பகுதி. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் பகுதிகளின் தமிழர்களுக்கு மலையேறவும் கூடாரம் அடித்துத் தங்கவும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை இவையே. இங்கே ஓர் இரவு தங்கிவிட்டு வருவது வெறும் பொழுதுபோக்கா, அதற்குச் சமயப் பொருள் ஏதும் உண்டா என்ற கேள்வி, காட்டின் புனிதம் எங்கே இருக்கிறது என்ற பழைய கேள்வியில் போய் முடிகிறது. புனிதம் காடாகிய இடத்திலேயே இருக்கிறது, காட்டில் எழுந்த கோயிலில் இருக்கிறது, அங்கே செல்பவரின் ஒழுக்கத்தில் இருக்கிறது என்று மூன்று விடைகளைத் தமிழ் மரபு வைத்திருக்கிறது.

முதல் விடை மிகப் பழையது. தொல்காப்பியம் நிலத்தைப் பகுக்கும்போதே ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு தெய்வத்தை வைத்துவிடுகிறது: காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன். திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களாகப் படைவீடுகளோடு காடு, சோலை, ஆற்றிடைக்குறை, மரத்தடி ஆகியவற்றையும் சேர்த்தே எண்ணுகிறது. இந்தப் பார்வையில் தெய்வத்தை யாரும் காட்டுக்குக் கொண்டுபோக வேண்டியதில்லை. அங்கே முதலில் குடியேறியது அதுதான். அந்தக் குடியிருப்பு எப்போதும் சாந்தமானதும் அல்ல. மலையிலும் சுனையிலும் உறையும் அணங்கு, அசட்டையாக நடப்பவரை வருத்தும் என்று சங்கப் பாடல்கள் அஞ்சின.

இந்த உணர்வு மலாயாத் தோட்டங்களுக்கும் கப்பலேறி வந்தது. ரப்பர் தோட்டத்தின் எல்லையில், காடு தொடங்கும் இடத்தில், ஒரு மரத்தடியில் முனியாண்டிக்குச் சூலம் நட்டு வைப்பது தோட்டப்புற வழக்கம். அந்த எல்லையைத் தாண்டுபவர் வெற்றிலையும் சுருட்டும் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார். மலாய்க்காரர்கள் காட்டுக்குள் நுழையுமுன் அங்கே குடியிருக்கும் காவல் ஆவியிடம் வாய்விட்டு அனுமதி கேட்பதும், சீனர்கள் மரத்தடியில் டத்தோ கோங் சிலை வைத்து வணங்குவதும் இதே நினைப்பின் வேறு வடிவங்கள். காட்டுக்கு உரிமையாளர் ஒருவர் உண்டு, வருகிறவர் விருந்தாளி என்பதே இவை எல்லாவற்றின் சாரம்.

இரண்டாம் விடையில் கோயில் மையத்துக்கு வருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் இதற்குப் பத்துமலையைவிட நல்ல சான்று இல்லை. காயாரோகணம் தம்புசாமிப் பிள்ளை 1891இல் அந்தக் குகையில் முருகனை நிறுவினார். 1892 முதல் தைப்பூசம் நடந்துவருகிறது. அன்று காட்டுக்கு நடுவே நின்ற சுண்ணாம்புக் குன்று இன்று நெடுஞ்சாலைக்கும் குடியிருப்புகளுக்கும் நடுவே நிற்கிறது. 272 படிகளேறி மேற்குகைக்குப் போகும் பக்தர், படிக்குப் பக்கவாட்டில் திறக்கும் இருட்குகையைக் கவனிப்பது அரிது. பத்துமலையின் பெயரையே தன் அறிவியல் பெயரில் தாங்கிய ஒரு பழமையான சிலந்தியினம் அங்கே வாழ்கிறது. ஒரே குன்றில் ஒரு குகை வழிபாட்டுக்கு உரியதாகவும் அடுத்த குகை உயிரியலாளருக்கு உரியதாகவும் பிரிந்துபோனது.

தமிழ்நாட்டின் தலங்களிலும் இதே போக்கு நெடுங்காலமாக உண்டு. ஆலங்காடு, மறைக்காடு, வெண்காடு என்று பெயர் பெற்ற தலங்கள் இன்று ஊர்களாகிவிட்டன. காட்டின் அடையாளமாகத் தல மரம் ஒன்று பிராகாரத்தில் நிற்கும். சிதம்பரத்தின் தில்லை மரத்தைக் காடாகக் காண வேண்டுமானால் பிச்சாவரத்துச் சதுப்புக்குப் போக வேண்டும். அதே மரம் மலேசியக் கடற்கரைக் கண்டல் காடுகளிலும் வளர்கிறது. அங்கே அதன் பால் கண்ணில் படக்கூடாது என்ற எச்சரிக்கை மட்டுமே அதைச் சூழ்ந்திருக்கிறது. கோயில் காட்டின் நினைவைக் காப்பாற்றும். காட்டைக் காப்பாற்றும் என்பதற்கு உறுதி இல்லை. ஐயனார் கோயில்களைச் சுற்றியுள்ள கோயில்காடுகள் இதற்கு விலக்கு. அங்கே கும்பிடப்படுவது சிலை மட்டுமல்ல, ஒரு கிளையையும் ஒடிக்கக்கூடாது என்ற ஊர்க்கட்டுப்பாடும் வழிபாட்டின் பகுதி.

மூன்றாம் விடை செல்பவரையே பார்க்கிறது. வாழ்வின் மூன்றாம் நிலையாக வானப்பிரத்தத்தை வைத்த வைதிக மரபு, காட்டு வாழ்க்கையை மனம் பக்குவப்படும் பருவமாகக் கண்டது. ஆனால் காட்டில் இருப்பதே பக்குவம் ஆகிவிடாது என்று அதே மரபின் கதைகள் எச்சரிக்கின்றன. தாருகாவனத்து முனிவர்கள் காட்டிலேயே வாழ்ந்து, வேள்வியும் செய்து, அதனாலேயே செருக்குற்றனர். சிவன் பிச்சாடனராக வந்து அந்தச் செருக்கை உடைக்க வேண்டியிருந்தது. அறநெறியில் இல்வாழ்க்கை நடத்துகிறவன் வேறு வழிகளில் போய்ப் பெற என்ன இருக்கிறது என்று திருவள்ளுவரும் கேட்கிறார். ஆகவே கூடாரத்தில் தங்குவதால் மட்டும் ஒருவர் துறவியின் பக்கத்தில் போய் நின்றுவிடுவதில்லை.

செல்பவரை மாற்றுவது அவர் ஏற்கும் கட்டுப்பாடு. காட்டு வழி யாத்திரைகள் அனைத்தும் இதன்மேல்தான் கட்டப்பட்டுள்ளன. மலேசியாவிலிருந்தும் பக்தர்கள் செல்லும் சபரிமலை பெரியாறு புலிகள் காப்பகத்தின் காடுகளுக்குள் இருக்கிறது. 41 நாள் விரதம் இருந்தே மலையேற வேண்டும் என்பது முறை. கொண்டுபோவது எவ்வளவு என்பதை இருமுடியே தீர்மானிக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் சாலையில் கந்தசாமி கோயிலை எழுப்பிய யாழ்ப்பாணத் தமிழரின் தாயகத்தில் கதிர்காமப் பாதயாத்திரை இன்றும் நடக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து நடந்து வருவோர் உகந்தை முருகன் கோயிலில் கூடி, திருவிழாவை ஒட்டிப் பாதை திறக்கப்படும் நாட்களில் குமண, யால தேசியப் பூங்காக்களைக் கடக்கிறார்கள். வழியில் ஆற்றங்கரையில் சமைத்து, மரத்தடியில் படுத்து, விடியுமுன் எழுந்து நடக்கிறார்கள். வெளித்தோற்றத்தில் இதுவும் மலையேற்றக் குழுவின் முகாமும் ஒன்றே. வேறுபாடு, ஏற்றுக்கொண்ட நோன்பில் இருக்கிறது.

ஆனால் நோன்பு யாருடைய நன்மைக்கு என்ற கேள்வி எஞ்சுகிறது. பக்தர் தம் மனத்தூய்மைக்காகப் புலால் மறுக்கிறார், தரையில் படுக்கிறார். காட்டுக்கு இதனால் நேரடியாக எதுவும் கிடைப்பதில்லை. புண்ணியம் என்று செய்வது காட்டுக்குக் கேடாகவும் முடியலாம். பத்துமலையிலும் கஞ்சிங்கிலும் நீள்வால் குரங்குகளுக்கு வாழைப்பழமும் ரொட்டியும் கொடுப்பவர் பலர். அனுமனை வணங்குகிறவருக்கு அது தானமாகவே தோன்றும். கைத்தீனிக்குப் பழகிய குரங்குக் கூட்டமோ இரை தேடுவதைக் குறைத்துக்கொண்டு, ஆளைக் கண்டால் பையைப் பறிக்கிறது, குழந்தையைக் கடிக்கிறது. கடைசியில் தொல்லை விலங்கு என்று பொறி வைத்துப் பிடிக்கப்படுவதும் அதுதான். கொடுத்தவருக்குப் புண்ணியம் என்றால், அதன் விலையைக் குரங்கு செலுத்துகிறது.

கொல்லாமையும் இங்கே ஏட்டளவில் நிற்காது. மழைக்குப்பின் ஈரச் சருகில் நடந்தால் காலணிக்குள் அட்டை ஏறிவிடும். உப்பைப் போட்டாலோ தீயைக் காட்டினாலோ அது துடித்து விழும். விரல் நகத்தை அதன் வாய்ப்பக்கம் செருகி மெல்ல நகர்த்தினால் உயிரோடு கழன்றுவிடும், கடித்த இடமும் குறைவாகவே புண்ணாகும். குளிர் காய விழுந்த கட்டையைப் பொறுக்குவதும் அப்படித்தான்: உளுத்த மரம் கறையானுக்கும் வண்டுப் புழுவுக்கும் காளானுக்கும் வீடு. கையடக்க எரிவாயு அடுப்பை எடுத்துப் போகிறவர் அந்த வீட்டைக் கொளுத்தாமல் சோறு பொங்கிவிடலாம்.

காடும் வருகிறவருக்கு இரக்கம் காட்டக் கடமைப்பட்டதல்ல. மேல்மலையில் பெய்த மழை, கீழே வானம் வெளுத்திருக்கும்போதே அருவியில் திடீர் வெள்ளமாக இறங்கும். மலாய்மொழியில் கெப்பாலா ஆயர் எனப்படும் இந்த வெள்ளத்துக்குப் பயந்தே ஆற்றோரத்தில் கூடாரம் அடிக்கக்கூடாது என்கிறார்கள். அணங்கை அஞ்சிய பழைய உணர்வு, இங்கே நீர்மட்டத்தைக் கவனிக்கும் விவேகமாகத் தொடர்கிறது.

தனிமனிதரின் விரதம் காட்டை முழுதும் காத்துவிடாது என்பதால் சட்டம் தேவைப்படுகிறது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மலாயாக் காடு போர்க்களமாக இருந்தது. அந்தப் போரை 1952 முதல் 1954 வரை நடத்திய பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெரால்ட் டெம்பிளரின் பெயரையே பூங்கா தாங்குகிறது. அச்சத்துக்குரிய காட்டை மக்களின் பொது உடைமையாக மாற்ற அரசாணையால் முடிந்தது. இன்று நிரந்தர ஒதுக்கக் காடுகளில் மலையேற வனத்துறையின் அனுமதி வேண்டும். ஆனால் ஆணை கொடுத்ததை ஆணையே எடுத்துக்கொள்ளவும் முடியும். 2021இல் கோல லங்காட் வடக்கு ஒதுக்கக் காட்டின் பாதிக்கும் மேற்பட்ட பகுதியின் பாதுகாப்பைச் சிலாங்கூர் அரசு நீக்கியது. அங்கே தலைமுறைகளாக வாழும் தெமுவான் பூர்வக்குடியினரும் சூழலியலாளரும் பொதுமக்களும் எதிர்த்த பிறகே, அதே ஆண்டு செப்டம்பரில் அந்த முடிவு திரும்பப் பெறப்பட்டது. சட்டத்துக்குப் பின்னால் காட்டை மதிக்கும் மக்கள் இல்லையென்றால் அதன் உறுதி தாளளவே.

மூன்று விடைகளும் இப்படி ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இடமே புனிதம் என்ற நம்பிக்கை, வருகிறவரை விருந்தாளியாக்குகிறது. கோயில் அந்த நம்பிக்கைக்கு முகவரி கொடுக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள மரமும் சிலந்தியும் வழிபாட்டுக்கு வெளியே நின்றுவிட்டால் முகவரி மட்டும் மிஞ்சும். ஒழுக்கமே புனிதம் என்ற விடை இவ்விரண்டையும் நடைமுறைக்குக் கொண்டுவருகிறது. அந்த ஒழுக்கம் செல்பவரின் தூய்மையோடு நிற்காமல் காட்டின் நன்மையையும் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். அனுமதி பெற்று நுழைவது, குரங்குக்குத் தீனி போடாதது, உளுத்த கட்டையைக் கிடந்தபடி விடுவது, கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவது ஆகியவை வனத்துறையின் விதிகளாக இருக்கலாம். இவற்றைக் காட்டின் உரிமையாளருக்குச் செய்யும் மரியாதையாக ஏற்றுக் கடைப்பிடிப்பவருக்கு, அந்த ஓர் இரவு முகாமும் விரதமே.