கணக்குப் புத்தகம் யார் கையில்?

காட் ரோடு வருவதற்கு முந்தைய நாட்களில், பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து மிஷனரிகள் மட்டக்குதிரையிலும் டோலியிலும் கொடைக்கானல் ஏறினார்கள். டோலியைச் சுமந்தவை உள்ளூர்க்காரர்களின் தோள்கள். கீழ்நாட்டுக் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தப்பிக்க, 1845இல் அமெரிக்கன் மதுரை மிஷன் இங்கே முதல் வீடுகளைக் கட்டியது. பிறகு கோடைதோறும் பல மிஷன்களைச் சேர்ந்தவர்கள் கூடிப் பேசும் ஊராக இது வளர்ந்தது. அவர்கள் மலையில் இருந்த நாட்களிலும் கீழே கிராமத்துச் சபைகளில் ஜெபம் நடந்தது, பள்ளிக்கூடம் நடந்தது, நோயாளியின் வீட்டுக்கு ஆள் போனது. அந்த ஆள் உபதேசியார். உழைப்பு அவருக்கும் பங்கிடப்பட்டிருந்தது. கடைசி முடிவு எடுக்கும் அதிகாரம் மட்டும் அவரிடம் வரவில்லை.

திருச்சபையில் தலைமையைப் பகிர்வது என்ற கேள்வி இந்த இடத்தில்தான் சிக்குகிறது. வேலையைப் பிரித்துக் கொடுத்தவர் அதிகாரத்தையும் பகிர்ந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்கிறார்.

வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1910இல் எடின்பரோ மாநாட்டில் மிஷனரிகளின் முகத்துக்கு நேரே இதைப் பேசினார். தியாகத்துக்கு நன்றி சொன்னவர், சமமாக உட்கார்ந்து பேசும் நட்பையும் கேட்டார். 1912இல் தோர்ணக்கலின் பேராயரானார். 1945இல் அவர் இறக்கும்வரை, ஆங்கிலிக்கன் சபையில் ஒரு திருமண்டலத்தைத் தன் பொறுப்பில் நடத்திய இந்தியர் அவர் ஒருவரே. முப்பத்திரண்டு ஆண்டுகளில் இரண்டாவது ஆள் தகுதி பெறவில்லை என்பதை நம்ப முடியுமா? ‘இன்னும் பக்குவப்படவில்லை’ என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது. பொறுப்பைச் சுமந்தால்தானே பக்குவம் வரும்!

அதிகாரத்தைப் பகிர வேண்டும் என்பதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதை ஒதுக்கிவிடக் கூடாது. சபைத் தேர்தலில் சாதி நுழைகிறது, பணம் நுழைகிறது. கமிட்டி என்ற பெயரில் இரண்டு மூன்று குடும்பங்களே நாற்காலிகளைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அங்கே உறுதியான ஓர் ஆயர் ஏழைக் குடும்பங்களுக்கு அரணாக நின்றிருக்கிறார். அவர் கையைக் கட்டிப்போட்டால் பலவான்களே பலன் பெறுவார்கள். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் அந்த ஆயர் மாற்றலாகிப் போன மறுநாள் அந்த ஏழைகளுக்கு யார்? ஒருவருடைய நல்ல மனதில் மட்டும் நிற்கும் பாதுகாப்பு அவரோடு போய்விடும்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம் இங்கே நல்ல வழி காட்டுகிறது. அன்றாடப் பந்தியில் தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறுமுறுத்தார்கள். ஏழு பேர் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர் என்று தொடங்கும் அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்தாரிடமே பந்தி ஒப்படைக்கப்பட்டதாகத்தான் இதிலிருந்து தெரிகிறது. அவர்களை விசுவாசப் பரீட்சை வைத்துக் காக்க வைக்கவில்லை; சமாதானம் சொல்லி அனுப்பிவிடவும் இல்லை.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. இன்று ஆயரும் பேராயரும் நம்மவர்கள். ஆனால் ‘இன்னும் பக்குவப்படவில்லை’ என்று மிஷனரி அன்று சொன்ன அதே வாக்கியத்தைப் பெண்களிடமும் இளைஞர்களிடமும் தூரத்து மலைக்கிராமத்துச் சபையாரிடமும் இப்போது நாம் சொல்கிறோம். இந்தத் திருச்சபை ஒரு பெண்ணைப் பேராயராக்க 2013 வரை ஆனது.

ஆயர்களே, மூப்பர்களே: அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் காணிக்கைக் கணக்குப் புத்தகத்தை, இத்தனை நாள் பின்வரிசையில் முறுமுறுத்துக்கொண்டிருந்தவர் கையில் கொடுங்கள்.